‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறது, ஆனாலும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லையே டாக்டர்?

வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. பல வருடங்களாக உப்புசம், சாப்பிட்டவுடன் வயிறு கல் மாதிரி ஆகிவிடுவது, அவ்வப்போது பேதி. இரண்டு வருடத்துக்கு முன்னால் தோழி ஒருவர் சொன்னார் என்று கோதுமையை அடியோடு நிறுத்தியிருக்கிறார். ஒரே மாதத்தில் வயிறு அடங்கிவிட்டது. ‘அப்படியானால் எனக்கு குளூட்டன் அலர்ஜிதான்’ என்று தானே முடிவுகட்டிவிட்டார் (குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் புரதம்). இந்த ஆறு மாதமாக வேலை நிமித்தம் அலைச்சல் அதிகமாகி, பையில் எப்போதும் குளூட்டன் ஃப்ரீ பாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு ஓடுகிறார். தொந்தரவு திரும்பி வந்துவிட்டது. புரோட்டீன் பார் ஒன்று சாப்பிட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில், மீட்டிங் நடுவில், இடுப்புப் பட்டனை மேசைக்கடியில் அவிழ்த்துவிட்டு உட்கார வேண்டிய அளவுக்கு உப்பிக்கொள்கிறது. வெங்காய-சீஸ் சிப்ஸ் சாப்பிட்டால் மறுநாள் காலை பேதி. போன மாதம் சீலியாக் நோய்க்கான (குளூட்டன் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைச் சேதப்படுத்தும் நோய்) ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார், நெகட்டிவ். ‘எனக்கு சீலியாக் இல்லை, ஆனால் துளி குளூட்டன் பட்டாலும் ஆகவில்லை; இந்தக் கம்பெனிகள் பொய்யான லேபிள் ஒட்டுகிறார்கள், பேரைப் போட்டு எழுதலாமா, வழக்குப் போடலாமா, வீட்டிலேயே குளூட்டன் இருக்கிறதா என்று பார்க்கும் கிட் வாங்கலாமா?’ என்று கேட்கிறார். ஏழு வயது மகளுக்கும் அடிக்கடி வயிறு வலிப்பதால் அவளுக்கும் கோதுமையை நிறுத்திவிடலாமா என்பது இன்னொரு கேள்வி.

கடைசியில் ஒரு பின்குறிப்பு. ஒருவகை கிராக்கர் சாப்பிட்ட பத்து நிமிடத்தில் உதடு குறுகுறுத்ததாம், தொண்டையும் காதுக்குள்ளும் அரித்ததாம், ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டதாம். ‘அதிலும் குளூட்டன் கலந்திருக்கும்போல.’

இனி உங்களிடமே பேசுகிறேன்.

கடிதத்தோடு ஏழு போட்டோ அனுப்பியிருந்தீர்கள். ஆறு போட்டோ பாக்கெட்டின் முன்பக்கம், ‘குளூட்டன் ஃப்ரீ’ என்ற பச்சை வட்டத்தைச் சுற்றி நீங்கள் சிவப்புக் கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். பின்பக்கம் தெரிந்தது ஒன்றில்தான், அதையும் பாதி உங்கள் விரல் மறைத்திருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். நல்லவேளையாக, மற்ற இரண்டு பாக்கெட்டுகளின் சேர்மானப் பட்டியலைக் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். என் பதிலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் அந்த கிராக்கர்

நீங்கள் பின்குறிப்பில் போட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் எனக்குப் பயம் கொடுத்த ஒரே விஷயம் அதுதான். உப்புசம் மனுஷரைப் படுத்தும், உயிருக்கு ஆபத்தில்லை. பத்து நிமிடத்தில் உதடு குறுகுறுப்பதும் தொண்டை அரிப்பதும் வேறு வகை. அது உண்மையான அலர்ஜியின் நடை. குளூட்டன் இப்படி நடந்துகொள்வது சீலியாக் நோயில் வழக்கமில்லை. அங்கே எதிர்வினை மெதுவானது, அதிக அளவு உள்ளே போனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வரலாம், சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, குடல் மட்டும் உள்ளே சேதமாகும்.

அந்த கிராக்கரின் பட்டியலில் மூன்றாவதாக ‘லூபின் மாவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் வேறொரு மூலையில், சின்ன வயதில் வேர்க்கடலை தின்று உடம்பெல்லாம் தடித்துப்போனதால் இன்றுவரை அதைத் தொடுவதில்லை என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். லூபின் பயறு வகையைச் சேர்ந்தது, வேர்க்கடலைக்கு உறவுக்காரன். அதன் புரதங்கள் வேர்க்கடலைப் புரதங்களைப் போலவே இருப்பதால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களில் ஒரு பகுதியினருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. கோதுமையை எடுத்துவிட்டால் மாவுக்குப் பிடிமானம் போய்விடும் பாருங்கள், அந்தக் குறையை ஈடுகட்டவும் புரதத்தைக் கூட்டிக் காட்டவும் குளூட்டன் ஃப்ரீ தயாரிப்புகளில் இதைச் சேர்க்கிறார்கள். அதாவது குளூட்டனிலிருந்து தப்பிக்கப் போன இடத்தில்தான் உங்களுக்கு இது சிக்கியது.

ஐரோப்பிய ஒன்றியம் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் லூபினும் உண்டு. அமெரிக்காவின் 9 பொருள் பட்டியலில் இல்லை. ஆகவே தடித்த எழுத்தில் எச்சரிக்கை இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டும்.

லூபின்தான் என்று கடிதத்தை வைத்து நான் அடித்துச் சொல்ல முடியாது. எள், பக்வீட் (கோதுமையல்லாத ஒரு விதை), சோயா என்று சந்தேகப்பட வேறு ஆட்களும் அதே பாக்கெட்டில் இருக்கிறார்கள். அலர்ஜி மருத்துவரிடம் போய்த் தோல் பரிசோதனையோ ரத்தத்தில் ஐஜிஈ (அலர்ஜியில் வேலைசெய்யும் எதிர்பொருள்) பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். கோதுமைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், காரணம் பிறகு வருகிறது. போன தடவை ஒரு மணி நேரத்தில் அடங்கியது என்பதால் அடுத்த தடவையும் அப்படியே அடங்கும் என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்குவது, தொண்டை இறுகுவது, குரல் மாறுவது, தலை சுற்றிக் கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், அங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

லேபிள் எதற்கு உத்தரவாதம் தருகிறது

‘குளூட்டன் ஃப்ரீ’ என்றால் ‘பூஜ்யம் குளூட்டன்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பல நாடுகள் பின்பற்றும் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலைப்படி, ஒரு கிலோ பொருளில் 20 மில்லிகிராம் வரை குளூட்டன் இருக்கலாம். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா எல்லாமே இந்த 20 என்ற எண்ணைச் சுற்றித்தான் சட்டம் வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் கறார், அங்கே பரிசோதனையில் தட்டுப்படவே கூடாது.

20 மில்லிகிராம் என்பது எவ்வளவு? உங்கள் பார் 40 கிராம். அது எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் அதில் இருக்கக்கூடியது 0.8 மில்லிகிராம். ஒரே ஒரு துண்டு சாதாரண கோதுமை பிரெட்டில் சுமார் 2,000 மில்லிகிராம் இருக்கும். சீலியாக் நோயாளிகளை வைத்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தினம் 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுத்தபோது குடல் சுவர் பாதிக்கப்பட்டது. தினம் 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான சீலியாக் நோயாளிகளுக்குப் பாதிப்பில்லை என்பது பொதுவான கணக்கு. அந்த 10-ஐ எட்ட நீங்கள் இந்த மாதிரிப் பொருளை ஒரு நாளில் அரை கிலோ தின்ன வேண்டும். லேபிள் உண்மையாக இருக்கும்பட்சத்தில், ஒரு பாரில் இருக்கும் குளூட்டன் உங்களை மீட்டிங் நடுவில் அப்படி ஊதவைப்பதற்கு வாய்ப்பு குறைவு.

‘உண்மையாக இருக்கும்பட்சத்தில்’ என்று சொன்னேன். லேபிள் தவறுவதும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரே இயந்திரத்தில் காலையில் கோதுமை பிஸ்கட்டும் மாலையில் குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட்டும் ஓடும் இடங்கள் இருக்கின்றன. ஓட்ஸ் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் ஒட்டி உறவாடி வருகிற தானியம், தனியாகப் பிரித்துக் காப்பாற்றினால்தான் சுத்தம். சுத்தமான ஓட்ஸுக்கே எதிர்வினை காட்டும் சீலியாக் நோயாளிகளும் சிலர் உண்டு, அதனால்தான் ஆஸ்திரேலியாவில் ஓட்ஸ் உள்ள பொருளில் குளூட்டன் ஃப்ரீ என்று போட அனுமதியில்லை. ‘கோதுமை கலந்திருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை வாசகம் பல நாடுகளில் கம்பெனியின் விருப்பம்தான், அது இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெளி அமைப்பு ஒன்று சோதித்து உரிம எண்ணோடு தரும் முத்திரைக்கும், கம்பெனியே வரைந்துகொள்ளும் பச்சை வட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் போட்டோக்களில் நான் பார்த்த ஆறும் இரண்டாவது ரகம்.

இன்னொன்று. குளூட்டன் ஃப்ரீ என்றால் கோதுமையே இல்லை என்று பொருளாகாது. குளூட்டனை நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சைச் சேர்த்துவிட்டுச் சட்டப்படியே இந்த வாசகத்தைப் போடலாம். சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிடலாம். கோதுமை அலர்ஜி உள்ளவர் சாப்பிடக் கூடாது, மற்ற கோதுமைப் புரதங்களின் மிச்சம் அதில் இருக்கலாம். கோதுமைக்கும் சேர்த்துப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ‘குளூட்டன் அலர்ஜி’ என்று நாம் பேச்சுவழக்கில் ஒரே சொல்லில் முடித்துவிடுவது இரண்டு மூன்று வேறு வேறு விஷயங்கள்.

பாரும் சிப்ஸும்

உங்கள் பாரின் பட்டியலைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். ‘சிக்கரி வேர் நார்’ இரண்டாவது இடத்தில், ‘மால்டிட்டால்’ நான்காவது இடத்தில். ஒரு பாரில் நார்ச்சத்து 11 கிராம் என்று பெருமையாக முன்பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

சிக்கரி வேர் நார் என்பது இனுலின். நம் சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது, அவை அதை நொதிக்கவைத்து வாயுவாக மாற்றுகின்றன. அங்கே போய்ச் சேரவே சில மணி நேரம் ஆகும், நீங்கள் சொல்லும் மூன்று நான்கு மணி நேரக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. மால்டிட்டால் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு, அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் கூடினால் பேதி. இரண்டையும் ஒரே பாரில் போட்டு, காலையில் எதுவும் சாப்பிடாத வயிற்றில் இறக்கினால் வயிறு என்னதான் செய்யும்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இனுலின் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட் குடும்பத்தைச் சேர்ந்தது. கோதுமையிலும் ஃப்ரக்டான் இருக்கிறது. வெங்காயத்தூள், பூண்டுத்தூளிலும் ஏராளம், அதாவது உங்கள் சிப்ஸ். கோதுமையை நிறுத்தியதும் வயிறு அடங்கியதே, அது குளூட்டனை நிறுத்தியதாலா, ஃப்ரக்டானை நிறுத்தியதாலா? கோதுமையை விட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடுவதால் வயிற்றுக்கு வித்தியாசம் தெரியாது. நார்வேயில் இதையே சோதித்தார்கள். சீலியாக் இல்லாத, ஆனால் குளூட்டன் ஆகாது என்று தாங்களே ஒதுக்கி வைத்திருந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மூன்று வகை பார்கள் கொடுத்தார்கள் (ஆமாம், பார்களேதான்): ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான், ஒன்றில் இரண்டும் இல்லை. 2018-ல் முடிவு வெளியானது. அதிகத் தொந்தரவு ஃப்ரக்டான் பாரில். குளூட்டன் பாருக்கும் வெற்றுப் பாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன், உங்கள் கதையோடு மட்டும் இது நன்றாகவே ஒத்துப்போகிறது. கோதுமையோடு வெளியே அனுப்பிய ஃப்ரக்டானை நீங்களே குளூட்டன் ஃப்ரீ பாக்கெட்டில் திரும்பக் கூட்டி வந்திருக்கிறீர்கள்.

சிப்ஸைப் பொறுத்தவரை வெங்காயத்தூளோடு சீஸ் மசாலாவில் பால் பவுடர் வேறு, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும் தொந்தரவு தரும். அப்புறம், ‘ஒரே மூச்சில் பெரிய பாக்கெட்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு எண்ணெய் ஒன்றாகப் போனால் எந்த லேபிளும் காப்பாற்றாது.

செய்ய வேண்டியது எளிது. இரண்டு வாரம் பாரையும் சிப்ஸையும் முழுதாக நிறுத்துங்கள். பிறகு ஒன்றை மட்டும், அரை அளவில், சாப்பிட்ட நேரத்தையும் தொந்தரவு வந்த நேரத்தையும் குறித்துவைத்துப் பாருங்கள். சிக்கரி இல்லாத இன்னொரு குளூட்டன் ஃப்ரீ பார் ஒத்துக்கொள்கிறது என்றால் பதில் கிடைத்த மாதிரிதான். ஃப்ரக்டான் குறைத்த உணவுமுறைக்குப் போக நினைத்தால் உணவியல் நிபுணரோடு சேர்ந்து சில வாரம் மட்டும் போங்கள். அது கண்டுபிடிப்பதற்கான வழி, ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பத்தியம் கிடையாது. கிராக்கரை மட்டும் இந்தச் சோதனையில் சேர்க்கவே கூடாது.

அந்த ‘நெகட்டிவ்’ ரிசல்ட்

இதுவரை சொன்னதை வைத்து ‘ஓ, அப்படியானால் குளூட்டன் பிரச்சினையே இல்லை’ என்று நாளைக்கே பிரெட் வாங்கிவிடாதீர்கள். அல்லது, வாங்குவதென்றால் மருத்துவர் சொல்லி வாங்குங்கள்.

சீலியாக் ரத்தப் பரிசோதனை என்பது குளூட்டனைச் சாப்பிடும்போது உடம்பு உருவாக்கும் எதிர்பொருட்களைத் தேடுவது. இரண்டு வருடம் குளூட்டனே தொடாமல் இருந்துவிட்டுப் போய்க் கொடுத்தால், சீலியாக் இருப்பவருக்கும் நெகட்டிவ் வரும். நெருப்பை அணைத்துவிட்டு புகை இருக்கிறதா என்று பார்த்த கதை. ‘எனக்கு சீலியாக் இல்லை’ என்று சொல்ல அந்தத் தாளுக்குத் தகுதியில்லை. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் இரும்புச்சத்து மாத்திரை வந்து போகிறது. ‘எனக்கு எப்போதுமே ரத்தம் குறைவு’ என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் உட்பட அதற்கு நூறு காரணம் இருக்கலாம், ஆனால் மாத்திரை போட்டும் தீராத ரத்தசோகை சீலியாக்கின் பழைய அடையாளங்களில் ஒன்று.

முதலில் ஹெச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 என்ற மரபணுப் பரிசோதனை செய்யலாம், இதற்குக் குளூட்டன் சாப்பிட வேண்டியதில்லை. இரண்டுமே இல்லை என்று வந்தால் சீலியாக்கை ஏறக்குறைய முழுதாக ஒதுக்கிவிடலாம். இருக்கிறது என்று வந்தால் நோய் இருக்கிறது என்று ஆகாது, நோயில்லாத ஏராளமானவர்களுக்கும் அவை உண்டு. அப்போதுதான் அடுத்த கட்டம்: கோதுமை அலர்ஜி இல்லை என்று உறுதிசெய்த பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் தினம் ஒன்றிரண்டு துண்டு பிரெட் அளவுக்கு, தாங்கினால் ஆறு முதல் எட்டு வாரம் வரை சாப்பிட்டுவிட்டு, ரத்தத்தில் டிடிஜி-ஐஜிஏ (சீலியாக்கைக் காட்டும் எதிர்பொருள்), மொத்த ஐஜிஏ இரண்டையும் பார்ப்பது. மொத்த ஐஜிஏ-வை விட்டுவிட்டால், பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொய் சொல்லிவிடும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலில் பயாப்ஸி. அந்த சில வாரம் சுகமாக இருக்காது, கர்ப்பமாகத் திட்டமிருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதெல்லாம் வேண்டாம், கோதுமை இல்லாமலேயே இருந்துவிடுகிறேன் என்று நீங்கள் முடிவெடுக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் சீலியாக் என்று தெரிந்தால்தான் எலும்பு அடர்த்தி, வைட்டமின் அளவு, குடும்பத்தாருக்குப் பரிசோதனை என்று பின்தொடரும் விஷயங்கள் நடக்கும். என்னைக் கேட்டால் தெரிந்துகொள்வதே மேல்.

எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவை இருந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே போங்கள்.

மகளுக்குக் கோதுமையை இப்போது நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவளும் நீங்கள் இருக்கும் இடத்திலேயே வந்து நிற்பாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கிட், புகார், வழக்கு

வீட்டு கிட் நீங்கள் உள்ளே வைக்கும் அந்த ஒரு துணுக்கைத்தான் சோதிக்கும். கலப்படம் பாக்கெட் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை, ஒரு பிஸ்கட்டில் இருக்கும், பக்கத்து பிஸ்கட்டில் இருக்காது. நொதிக்கவைத்த பொருட்களில் உடைந்துபோன குளூட்டனைப் பிடிப்பதும் கஷ்டம். நெகட்டிவ் வந்தால் பொய்யான தைரியம், பாசிட்டிவ் வந்தால் பெரும் கோபம், இரண்டுமே நம்பத்தக்கதாக இருக்காது. நீங்கள் லிங்க் அனுப்பியிருந்த ‘நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை’யும் வேண்டாம். அது பார்க்கும் ஐஜிஜி என்ற எதிர்பொருள், நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்குத்தான் சாட்சி.

கம்பெனிக்குக் கட்டாயம் எழுதுங்கள், பேட்ச் எண்ணோடு. கோதுமை ஓடும் அதே இயந்திரமா, ஒவ்வொரு பேட்சும் சோதிக்கப்படுகிறதா, எந்த முறையில், ஓட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள். ஒழுங்கான கம்பெனி ஒழுங்காகப் பதில் சொல்லும், வழவழா என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான். சந்தேகம் வலுவாக இருந்தால் உங்கள் நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுக்கலாம், அதற்கு நீங்கள் எதையும் நிரூபித்துக்காட்ட வேண்டியதில்லை. அதே பேட்சில் பிரிக்காத பாக்கெட் ஒன்று கையில் இருந்தால் நல்லது, பிரித்த பாக்கெட் என்றால் உங்கள் வீட்டில் கலந்திருக்கலாமே என்று சொல்லிவிடுவார்கள்.

வழக்கு? நான் வக்கீல் இல்லை, மருத்துவராக மட்டும் சொல்கிறேன். ‘சாப்பிட்டேன், வயிறு உப்பியது’ என்பது குளூட்டன் இருந்ததற்கு ஆதாரமாகாது. சிக்கரி, மால்டிட்டால், லூபின் எல்லாவற்றையும் அவர்கள் பின்பக்கத்தில் எழுதித்தான் விற்றிருக்கிறார்கள். இந்த நிலையில் பெயரைப் போட்டுப் ‘பொய் லேபிள்’ என்று பொதுவில் எழுதினால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

அந்த கிராக்கர் பாக்கெட்டில் பாதி இன்னும் இருக்கிறது, இன்னொரு தடவை தின்று உறுதி செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைச் செய்யாதீர்கள். வாயைக் கட்டி, மேலே ‘தொட வேண்டாம்’ என்று எழுதி, மகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அலர்ஜி மருத்துவரிடம் போகும்போது அதை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், பின்பக்கத்தோடு.